மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்: முடி, நகம், தோல் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் 18 வருடமாக உணவியல் நிபுணராக இருக்கிறேன். இன்று காலை 10 முதல் 1 மணி வரை நம் தமிழ்க் குழுவினரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாடும் வயிறும் முடியை, நகத்தை, தோலை என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். எண்ணெய், ஷாம்பு பிராண்ட் கேட்டால் பதில் வராது.

மாரத்தஹள்ளி, 26 வயது: அக்கா, மதுரையிலிருந்து வேலைக்கு வந்து 5 மாதம் ஆகிறது. பிஜி விடுதியில் இருக்கிறேன். சீப்பை எடுத்தாலே கொத்தாக முடி வருகிறது. சத்துக் குறைவா, இந்த ஊர்த் தண்ணீரா?

தண்ணீரை அப்புறம் பார்ப்போம். தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்புதான். ஒவ்வொரு முடியும் சில வருடம் வளரும், பிறகு வளர்ச்சியை நிறுத்திவிட்டு 3 மாதம் போல சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் விழும். காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் என்று உடம்பு ஒரு அடி வாங்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் கணிசமான பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் கொட்டுவது 2, 3 மாதம் கழித்துத்தான். நேற்று சாப்பிட்டதை யோசித்துப் பயனில்லை. மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்.

உங்கள் கணக்கில் அது பெங்களூருக்கு வந்த புதிது. காலையில் சாப்பிடாமல் ஓடியிருப்பீர்கள், மதியம் எலுமிச்சை சாதம், இரவு பிஜியின் தண்ணிச் சாம்பார். சரிதானே? பெண்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்பைத்தான். ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, ரத்தசோகை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். உடம்போ முதலில் சேமிப்பைத்தான் கரைக்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 15க்குக் கீழே போனால் கிடங்கு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முடி விஷயத்தில் 30க்குக் கீழே இருந்தாலே பல தோல் மருத்துவர்கள் கவனிப்பார்கள். அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடிக்கிறீர்களா? கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பைக் காபியும் டீயும் உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும்.

ஜெயநகர்: என் மகன் நகத்தில் வெள்ளைப் புள்ளிகள். கால்சியம் குறைவுதானே மேடம்?

இல்லை. பெரும்பாலும் எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பான். கைநகம் மாதம் 3 மில்லிமீட்டர் போல வளரும், புள்ளியும் அதோடு நகர்ந்து போய்விடும். கவனிக்க வேண்டிய நகங்கள் வேறு. கரண்டி போல நடுவில் குழிந்தால் இரும்பு. ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தால் சோரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா நகத்திலும் ஒரே உயரத்தில் குறுக்குப் பள்ளம் விழுந்தால் சில மாதம் முன்பு பெரிய காய்ச்சல் வந்திருக்கும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறேன். தொடரலாமா?

பயோட்டின் ஒரு பி வைட்டமின், ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். முட்டை, வேர்க்கடலை சாப்பிடுகிற ஆளுக்குக் குறைவு வருவது அபூர்வம். குறையே இல்லாதவருக்கு அதை ஊற்றினால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இது வெறும் காசு விரயமாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அதிக பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே குழப்பிவிடும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு அதிகமாக வேலை செய்வதாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017லேயே இதை எச்சரித்தது. தைராய்டு பார்க்கும் முன் குறைந்தது 2 நாளாவது நிறுத்துங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள்.

சர்ஜாபூர் ரோடு: மேடம், நீங்கள் என்ன சொன்னாலும் சரி, காரணம் போர்வெல் தண்ணீர்தான். ஊருக்குப் போனால் 10 நாளில் முடி சரியாகிவிடுகிறது.

10 நாளில் முடிச்சுழற்சி மாறாது. ஊரில் அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் எல்லாமே சரியானது போலத்தான் தெரியும்.

ராஜாஜிநகர், ஓய்வுபெற்ற பொறியாளர்: அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது அம்மா. குடிநீருக்கு இந்தியத் தரநிலையின் கடினத்தன்மை அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. சில லேஅவுட்களில் போர்வெல் அதையும் தாண்டுகிறது.

அளவு சரி சார். கேள்வி வேறு. கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடித்தண்டின் மேல் படியும். சோப்போடு சேர்ந்தால் பிசுபிசுப்பான அழுக்காகும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் உடையும். ஆனால் முடி வளர்வது தோலுக்கடியில், ரத்தம் கொண்டுவரும் சத்தில். அங்கே உங்கள் டேங்கர் போகாது.

கே.ஆர்.புரம்: அப்போ 110 கிராமங்களுக்குக் காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்த பிறகு எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் முடி நன்றாகிவிட்டது, அது எப்படி?

எல்லோருக்குமா? கணக்கெடுத்தீர்களா? 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது பலர் வாரம் ஒருமுறைதான் தலைக்குக் குளித்தார்கள். அந்த ஒரு குளியலில் ஏழு நாள் முடியும் சேர்ந்து விழுந்தால் பயமாகத்தான் இருக்கும்.

சர்ஜாபூர் ரோடு: நீங்கள் காவேரித் தண்ணீர் வரும் ஏரியாவில் இருந்துகொண்டு பேசுகிறீர்கள்.

11 வருடமாக ஹொரமாவில் டேங்கர் தண்ணீரில்தான் குளிக்கிறேன் ஐயா. சரி, ஒரு சோதனை. விழுந்த முடியை வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது, காரணத்தை உடம்பில் தேடுங்கள். இரண்டு முனையும் குமிழில்லாமல் இருந்தால் உடைந்தது, உங்கள் தண்ணீர், ஸ்ட்ரெய்ட்னர், சீப்பு எல்லாவற்றையும் தாராளமாகத் திட்டலாம். 22 முதல் 28 வயதில் பெங்களூருக்கு வரும் ஆண்களுக்குப் பரம்பரை வழுக்கை தொடங்குவதும் அதே வயதில்தான். அந்தப் பழியையும் தண்ணீர் சுமக்கிறது. இதோடு தண்ணீரை விடுவோம்.

அல்சூர்: அக்கா, மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்தால் தோல் பளபளக்குமாமே?

பேதியாகும். வயிற்றுக்கும் தோலுக்கும் உறவு உண்டு, ஆனால் அது கழுவுகிற உறவு இல்லை, உறிஞ்சுகிற உறவு. இரும்பு சிறுகுடலின் முதல் பகுதியில் உள்ளே போகிறது, பி12 கடைசிப் பகுதியில். குடல் கெட்டுப்போனால் தட்டில் என்ன இருந்தும் பயனில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் சிலருக்கு முட்டியிலும் முழங்கையிலும் அரிப்போடு கொப்புளங்கள் வரும், வயிற்றில் ஒரு தொந்தரவும் தெரியாது. நீண்டநாள் பேதி இருந்தால் துத்தநாகம் குறையும், வாயைச் சுற்றித் தோல் உரியும், முடி கொட்டும். மாதங்கணக்கில் பேதி, எடை இறக்கம், மலத்தில் ரத்தம் என்றால் என்னிடம் வராதீர்கள், நேராகக் குடல் மருத்துவரிடம் போங்கள்.

மல்லேஸ்வரம், 61 வயது: சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 9 வருடம், அசிடிட்டிக்கு தினம் ஒரு மாத்திரை. விரல் முட்டிகள் கறுத்துவிட்டன, நாக்கு வழவழவென்று எரிகிறது.

ஐயா, இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. சைவம், மெட்ஃபார்மின், அசிடிட்டி மாத்திரை மூன்றுமே பி12ஐக் குறைக்கும், உங்களுக்கு மூன்றும் சேர்ந்திருக்கிறது. முட்டிக் கறுப்பும் நாக்கு எரிச்சலும் அதற்குப் பொருந்துகின்றன. காலில் மரத்துப்போகிறதா என்றும் பாருங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

பானஸ்வாடி: 15 வயது மகளுக்குக் கழுத்து கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

தேய்க்காதீர்கள் அம்மா, அது அழுக்கு இல்லை. வெல்வெட் போலத் தடித்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை பாருங்கள், மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். ஜூஸையும் பேக்கரி பன்னையும் குறைத்து, மாலையில் நடக்க விடுங்கள். அதைச் சொல்லி அவளைக் கேலி செய்யும் உறவினர்களையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: ஜிம் போகிறேன். வே புரோட்டீன் தொடங்கியதிலிருந்து முகப்பரு.

ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பாலும், அதிலிருந்து எடுக்கும் வே புரதமும் சிலருக்குப் பருவைக் கூட்டும். 2007இல் ஆஸ்திரேலியாவில் பருவுள்ள இளைஞர்களுக்குச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவை 12 வாரம் கொடுத்தபோது பரு குறைந்தது. சுண்டல், முட்டை, சோயாவிலும் புரதம் இருக்கிறது.

யஷ்வந்த்பூர்: ராய்ச்சூர்த் தோழி ஜோள ரொட்டி, அதாவது வெள்ளைச் சோள ரொட்டி, சாப்பிட்டால் தோல் மினுங்கும் என்கிறாள்.

எனக்குப் பிடித்த கேள்வி! மினுங்குவது கிடக்கட்டும், ஒரு காலத்தில் தக்காணத்தில் சோளமே முழுச் சாப்பாடாக இருந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. வெயில் படும் கையிலும் கழுத்திலும் தோல் கறுத்து உரியும், பேதி வரும், மனம் குழம்பும். நயாசின் என்ற ஒரு பி வைட்டமின் குறைந்தால் தோல், குடல், மூளை மூன்றும் ஒன்றாகக் கெடும். இதை ஐதராபாத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். சோளத்தில் அதிகமாக இருக்கும் லூசின் காரணம் என்றார், அந்த விளக்கத்தை மற்றவர்கள் பிறகு விவாதித்தார்கள். உங்கள் தோழி பருப்பு, கீரை, தயிரோடுதானே சாப்பிடுகிறாள்? நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

பெல்லந்தூர்: டெங்கு வந்து 2 மாதம். முடி கொட்டுகிறது.

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். பொதுவாக 6 மாதத்துக்குள் தணிந்துவிடும்.

ஹெப்பால்: எந்த எண்ணெய் நல்லது?

பிடித்த எண்ணெய்.

விஜயநகர்: பயோட்டின் எந்த பிராண்ட் வாங்கலாம் அக்கா?

மேலே போய்ப் படியுங்கள். தயவுசெய்து.

மாரத்தஹள்ளி, 26 வயது: அக்கா, மறுபடியும் நான்தான். ஆபீஸ் செக்கப் ரிப்போர்ட் மெயிலில் கிடைத்தது. ஃபெரிட்டின் பார்க்கவில்லை. ஹீமோகுளோபின் 12.1, எம்.சி.வி. 74 என்றிருக்கிறது.

எம்.சி.வி. 80க்கு மேல் இருக்க வேண்டும். ரத்த அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புக் குறைவாக இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் சாயலாகவும் இருக்கலாம். ஃபெரிட்டின் வந்தால் பாதி தெரிந்துவிடும். அதற்கு முன் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்க வேண்டாம். நாளையே போக முடியுமா?

மாரத்தஹள்ளி: போகிறேன். தைராய்டும் சேர்த்துப் பார்க்கலாமா? அம்மா அனுப்பிய ஒரு முடி மாத்திரை மட்டும் தினமும் எடுக்கிறேன்.

அட்டையைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மாரத்தஹள்ளி: பயோட்டின், அக்கா.

நாளை வேண்டாம். இன்றே நிறுத்திவிட்டுப் புதன்கிழமை போங்கள்.