போனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன செய்வது? அறிவியல் ஆசிரியரிடம் கேள்வி பதில்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். கணினி, செல்பேசி, திரை இவற்றை வைத்துப் பாடம் நடத்துவது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஆறு முதல் பத்து வரை அறிவியலும் ஓரளவு கணக்கும்தான் நான் கைப்பட்டுப் பழகியவை.

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை வந்து ஒரு வருஷம் ஆகிறது. வீடியோ போட்டால் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். தேர்வு வைத்தால் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன் சார்? (எட்டாம் வகுப்பு ஆசிரியை, அரியலூர் மாவட்டம்)

டீச்சர், இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். இதயம் பாடத்துக்கு அருமையான அனிமேஷன் ஒன்று போட்டேன். முடிந்ததும் கைதட்டினார்கள். மறுநாள் "நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இதயத்தில் எந்த அறைக்குள் போகிறது?" என்று கேட்டேன். வகுப்பே அமைதி. அவர்கள் பார்த்தார்கள், யோசிக்கவில்லை. யோசிக்கும்படி நான் எதையும் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். திரையில் எதைக் காட்டினாலும், காட்டுவதற்கு முன்னால் பிள்ளைகள் ஊகித்து நோட்டில் எழுதிவிட வேண்டும். மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்ற திட்டம் இருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் தொடங்கியது. அதில் மின்சுற்று கட்டும் பயிற்சி ஒன்று உண்டு. பேட்டரி, கம்பி, பல்பு என்று திரையில் இழுத்து வைத்து இணைக்கலாம். இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் அப்புறம் இணையமே வேண்டாம்.

முதலில் கரும்பலகையில் ஒரு பேட்டரியும் தொடராக இரண்டு ஒரே மாதிரி பல்புகளும் வரையுங்கள். "எது அதிகமாக எரியும்? முதல் பல்பா, இரண்டாவதா, இரண்டும் சமமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் பல்பைத்தான் சொல்வார்கள். முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் எண்ணம். ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிஷம் சண்டை போடட்டும். அதற்குப் பிறகு திரையைத் திறங்கள். இரண்டும் சமமாக எரியும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே தெரியும், இப்போதுதான் பாடம் தொடங்குகிறது என்று.

அதோடு நிறுத்தாமல் நிஜ பல்பையும் கையில் கொடுத்துவிடுங்கள். அதே கொலராடோவில் 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், திரையில் சுற்று கட்டிப் பழகிய மாணவர்கள் பின்னால் நிஜச் சுற்றையும் நன்றாகவே கட்டினார்கள். திரையில் பழகி, கையில் செய்து பார்ப்பது. எனக்கு ஒத்துவந்த வரிசை இதுதான்.

என் வகுப்பில் 42 பேர். போன் என்னுடையது ஒன்றுதான். பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. தனியார் பள்ளிகளில் பிள்ளைகள் ஆளுக்கொரு கருவியில் விடை அழுத்தும் கஹூட் செயலி வைத்து வினாடி வினா நடத்துகிறார்கள், எனக்கும் ஆசை. வழி உண்டா? (பட்டதாரி ஆசிரியர், தர்மபுரி)

உண்டு. பிளிக்கர்ஸ் என்று தேடுங்கள். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம் இருக்கும், ஒவ்வோர் அட்டைக்கும் வடிவம் வேறு. அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடை. பிள்ளை தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி பிடித்தால் போதும், நீங்கள் போன் கேமராவை வகுப்பின்மேல் மெதுவாக நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். விடை எழுத்து மிகச் சிறியதாக அச்சாகியிருப்பதால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. கைதூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தானே மற்றவர்கள் கை தூக்குவார்கள்? அந்தத் தொல்லை இதில் இல்லை. பளபளக்கும் லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது.

முடிவு வந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவது இது: பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தப்பு என்று வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடி கேட்பார். இரண்டாம் முறை சரியான விடை கூடும். இப்போதுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, புரியாத பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மாணவர்களைக் கவர எந்த ஆப் நல்லது?

எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? இவற்றைச் சொன்னால் பதில் சொல்லலாம்.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு ஏறவே மாட்டேன் என்கிறது சார்.

இது எனக்குத் தெரிந்த வேலை இல்லை. வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு ஒலியியல். ஒலியின் வேகத்தை மனப்பாடமாகத்தான் சொல்கிறார்கள். எங்களிடம் ஆய்வகக் கருவி எதுவும் இல்லை. (ராமநாதபுரம்)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். கருவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்குங்கள். போனுக்குள் இருக்கும் மைக், முடுக்கமானி, காந்தமானி எல்லாவற்றையும் அளவுகோலாக மாற்றித் தரும்.

அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் உண்டு. முதல் சத்தம் கேட்டால் ஓடும், அடுத்த சத்தத்தில் நிற்கும். உங்கள் போன் ஒன்று, சக ஆசிரியருடையது ஒன்று. மைதானத்தில் டேப் பிடித்துச் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் இரண்டையும் வையுங்கள். முதல் போன் பக்கத்தில் நிற்கும் பிள்ளை இரண்டு மரக்கட்டைகளைத் தட்டட்டும். அந்தப் போன் உடனே ஓடத் தொடங்கும். ஒலி 10 மீட்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது ஓடும். ஒரு மூச்சு விட்டு, இரண்டாவது போன் பக்கத்துப் பிள்ளை தட்டட்டும். இப்போது இரண்டாவது உடனே நிற்கும், முதல் போன் தாமதமாக நிற்கும். இரண்டு கடிகாரமும் காட்டும் நேர வித்தியாசம், ஒலி 20 மீட்டர் கடக்க எடுத்த நேரம். இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வித்தியாசம் 0.057 நொடிக்குப் பக்கத்தில் வரும். 20-ஐ அதனால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். "சார், புத்தகத்தில் 331 என்று இருக்கிறதே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும்! 331 என்பது 0 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 0.61 வீதம் கூட்டினால் நம் ஊர் 33 டிகிரி வெயிலில் 351 வருகிறது. மனப்பாடம் செய்த சூத்திரம் மைதானத்தில் உயிரோடு வந்து நிற்கும் நேரம் அது. காற்று வீசும்போதும், பக்கத்து வகுப்பு இடைவேளை விடும்போதும் செய்யாதீர்கள். செயலியில் ஒலி அளவின் வரம்பைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் சின்னச் சத்தத்துக்கெல்லாம் ஓடாது. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

கணக்குக்கு எந்த ஆப் நல்லது சார்?

ஜியோஜீப்ரா. பத்து ஆப் தேட வேண்டாம். உங்கள் பாடநூலிலேயே பாட முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று கொடுத்திருக்கிறார்கள், அதில் தொடங்குங்கள். காட்டுவதற்கு முன்னால் ஊகிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

நான் நடத்தும் செயல்பாடுகளை ரீல்ஸ் எடுத்துப் போடுகிறேன். பிள்ளைகளுக்கும் உற்சாகம். இதுவும் தொழில்நுட்பம்தானே? (இடைநிலை ஆசிரியை)

வேண்டாம் டீச்சர். பிள்ளைகளின் முகத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். தப்பாகப் பதில் சொல்லி விழிக்கும் பிள்ளையின் முகம் வருஷக்கணக்கில் இணையத்தில் கிடக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தனித்தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். கரும்பலகையை, கையை, செய்து முடித்த பொருளை எடுங்கள். முகம் வேண்டாம்.

டெல்லியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தார்களே, பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்களே. டிஜிட்டல் தலைமுறைக்கு ஆசிரியர் எதற்கு? கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதானே? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

தம்பி, கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999-இல் டெல்லி கால்காஜியில் செய்ததைச் சொல்கிறீர்கள். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமல் கணினியை இயக்கக் கற்றுக்கொண்டார்கள், உண்மை. ஆனால் கணினியை இயக்குவது வேறு, கணினியால் ஒரு பாடத்தைக் கற்பது வேறு. இதற்கு அவரே தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற ஊரில், ஆங்கிலத்தில் இருந்த மரபணுப் பாடத்தைக் கணினியில் வைத்துவிட்டுப் போனார். தாங்களாகவே படித்த பிள்ளைகள் ஏறக்குறைய 30 சதவீதம் எடுத்தார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன், பெரிய விஷயம். ஆனால் மதிப்பெண் 50-ஐத் தொட்டது எப்போது? உயிரியல் தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண் பக்கத்தில் நின்று "அட, இது எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டு ஊக்கம் கொடுத்த பிறகு.

பொறியாளர் மறுபடி: அவர் ஆசிரியர் இல்லையே! அதுதான் என் கட்சியும்.

ஆசிரியர் வேலையில் பாதியை அவர் செய்தார். கேட்டார், கவனித்தார், பாராட்டினார். மறு பாதி பாடம் தெரிந்திருப்பது.

தலைமை ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதம் 'நீங்களாகவே பாருங்கள்' என்று விட்டேன். மவுஸ் எப்போதும் மூன்று பையன்கள் கையில்தான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒதுங்கினால் பலசாலிதான் படிப்பான்.

மேடம் சொன்னதை இரண்டு முறை படியுங்கள் தம்பி. நான் கைக்கடிகாரம் பார்த்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மவுஸைக் கை மாற்றுகிறேன்.

பொறியாளர்: சரி, ஆளுக்கு ஒரு கணினி கொடுத்தால்?

பெரு நாடு கொடுத்தது. கிராமப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி. 319 பள்ளிகளில் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. மொழியிலும் கணக்கிலும் முன்னேற்றம் தெரியவில்லை. மறுபக்கம் டெல்லியில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். நாலரை மாதத்தில், அது கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கணக்கில் மிகத் தெளிவான முன்னேற்றம். காரணம் திரை அல்ல. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் நாலாம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கு அது நாலாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. அங்கேயும் பாதி நேரம் சிறு குழுவில் ஓர் ஆள் கூடவே இருந்தார். கருவி அதேதான், அது யாருக்கு எந்த இடத்தில் கை கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பொறியாளர்: மைண்ட்ஸ்பார்க் பற்றித் தெரியாது. படித்துவிட்டு வருகிறேன்.

வாருங்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு சனிக்கிழமையும் வாருங்கள். உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும்.

வீட்டுப்பாடத்தை ஏஐயிடம் கேட்டு எழுதிவருகிறார்கள். என்ன செய்ய?

எழுதிவந்ததை மூடிவைத்துவிட்டு ஒரு நிமிஷம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் எங்கிருந்து வந்தாலும் கற்றுக்கொண்டுவிட்டான். இன்னொன்றும் செய்கிறேன்: ஏஐ தமிழில் கொடுத்த ஒரு பதிலை நானே கரும்பலகையில் எழுதி, பாடநூலை வைத்துத் தப்புக் கண்டுபிடிக்கச் சொல்வேன். சிவப்புப் பேனா பிள்ளைகள் கைக்குப் போனால் எவ்வளவு கூர்மையாகப் படிக்கிறார்கள் தெரியுமா!

ஆறாம் வகுப்புக்கு எந்த ஆப் நல்லது?

மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

ஸ்மார்ட் போர்டு பார்த்தால் கண் கெடுமா?

கண் மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அவர் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

முதல் கேள்வி கேட்ட அரியலூர் ஆசிரியைதான் சார். இன்று செய்தேன். 36 பேரில் 25 பேர் முதல் பல்புதான் அதிகம் எரியும் என்றார்கள். திரையில் இரண்டும் சமம், எல்லாரும் திகைத்துப்போனார்கள். அப்புறம் கடையில் வாங்கிய டார்ச் பல்புகளை இணைத்தால் முதல் பல்பு நன்றாக எரிகிறது, இரண்டாவது மங்கல்! "கம்ப்யூட்டர்தான் பொய் சொல்லுது, நாங்க சொன்னது சரி" என்று கத்துகிறார்கள். நாளை என்ன சொல்வது?

எதுவும் சொல்லாதீர்கள் டீச்சர்! இதைவிட நல்ல வகுப்பு அமையாது. "யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை பல்புகளை இடம் மாற்றிப் போடலாம் என்று சொல்லும். சொல்லாவிட்டால் பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லி வழியைக் காட்டுங்கள். மங்கலான பல்பு முதலிடத்துக்கு வந்தும் மங்கலாகவே எரிந்தால், இடத்தில் கோளாறு இல்லை, பல்பில்தான். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு வோல்ட் பல்பாக இருக்கும். அடிப்பக்க உலோகத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும். அப்புறம் ஒரே எண் போட்ட இரண்டு பல்பு வாங்கிக்கொள்ளுங்கள். எல்இடி வேண்டாம், உள்ளே இழை உள்ளதாகக் கேளுங்கள். பேட்டரி மூன்று வையுங்கள், வெளிச்சம் கடைசி பெஞ்சு வரை தெரியும்.