சொந்தக் குண்டுக்குப் பலியானவர்கள்

கேள்வி: பிடிபட்ட விமானப்படை வீரர்களின் கதியை எதிரி மறைப்பான், சரி. சொந்த நாடே மறைக்கும் என்று போன இதழில் எழுதினீர்களே, அபாண்டமாக இல்லையா?

பதில்: இல்லை. ஹிரோஷிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஜூலை 28 அன்று குரே துறைமுகத்தில் நின்ற ஜப்பானியப் போர்க்கப்பல்களைத் தாக்கப் போன அமெரிக்க விமானங்கள் சில சுட்டு வீழ்த்தப்பட்டன. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டவர்களில் பலரை ஹிரோஷிமாவில் அடைத்துவைத்தார்கள். ஒன்பதே நாளில் அவர்கள் நாட்டு அணுகுண்டு அவர்கள் தலைமேலேயே விழுந்தது. அந்தக் குண்டுக்குப் பலியான அமெரிக்கக் கைதிகள் 12 பேர். அன்று வீழ்ந்தவற்றில் ஒன்றான 'லோன்சம் லேடி' விமானத்தின் விமானி தாமஸ் கார்ட்ரைட், விசாரணைக்காக முன்பே வேறு இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டதால் பிழைத்தார்.

இதை ஊரறியச் சொல்ல அமெரிக்க அரசுக்குப் பல பத்தாண்டுகள் வாய் வரவில்லை. போர்க்கால ரகசியம் என்பீர்கள். போர் அந்த வருடமே முடிந்துவிட்டதே ஐயா, அப்புறம் என்ன ரகசியம்?

எதிரி மறைத்த கதை இதைவிடக் கொடூரம். அதே வருடம் மே மாதம் ஜப்பானின் கியூஷு தீவில் விழுந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானத்தின் ஆட்களும் வேறு சில கைதிகளுமாக 8 பேரை கியூஷு பல்கலைக்கழக மருத்துவர்கள் உயிரோடு அறுத்தார்கள். நுரையீரலை வெட்டி எடுத்தார்கள். ரத்தத்துக்குப் பதிலாகக் கடல்நீரை ஏற்றிப் பார்த்தார்கள். ஜப்பான் சரணடைந்த பிறகு விசாரணை வருமே! இந்த 8 பேரும் ஹிரோஷிமாவுக்கு மாற்றப்பட்டு அணுகுண்டில் இறந்துபோனார்கள் என்று ஜப்பானிய ராணுவ அதிகாரிகள் கணக்கு எழுதினார்கள். அந்தப் புளுகு நிற்கவில்லை. 1948இல் யோகோஹாமாவில் அமெரிக்கா நடத்திய போர்க்குற்ற விசாரணையில் 23 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஐந்து பேருக்குத் தூக்கு. ஒருவரும் தூக்கிலேறவில்லை, தண்டனை குறைக்கப்பட்டது.

ஆக, ஹிரோஷிமாவில் சாகாதவர்களை அங்கே செத்ததாக ஒரு தரப்பு எழுதியது. நிஜமாகவே அங்கே செத்தவர்களைப் பற்றி இன்னொரு தரப்பு வாயே திறக்கவில்லை.

அந்த 12 பேரின் குடும்பங்களைத் தேடி, நடந்ததைத் தெரிவித்தவர் ஷிகேயாகி மோரி. எட்டு வயதில் அந்தக் குண்டுக்குத் தப்பிய ஹிரோஷிமாக்காரர். வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1998இல் அவர்களுக்கு நினைவுப் பலகை வைத்ததும் அவர்தான். 2016இல் ஒபாமா ஹிரோஷிமாவுக்குப் போய், இறந்தவர்களில் அமெரிக்கக் கைதிகளும் உண்டு என்று பேசினார். ஒரு தனி மனிதர் ஓய்வு நேரத்தில் செய்த வேலையை, அத்தனை ஆவணமும் ஆள்பலமும் வைத்திருந்த ஓர் அரசு ஏன் செய்யவில்லை? அபாண்டம் என்று என்னைக் கேட்ட நீங்கள், இதற்கும் ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்; அடுத்த இதழில் போடுகிறேன்.