நாலு லைட்டும் சேர்ந்தே நிறம் மாறுதா? முதல்ல முகவரியைப் பாருங்க

நாடக மேடையில நாலு லைட்டும் ஒண்ணாவே நிறம் மாறுது, தனி கன்ட்ரோலர் (லைட்டை இயக்குற பலகை) வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. இப்போ அவசரப்படாதீங்க. லேப்டாப்ல எந்த ஃபேடரை (ஏத்தி இறக்குற ஸ்லைடர்) ஏத்தினாலும் உங்க நாலு எல்இடி பார் (PAR) லைட்டும் ஒரே மாதிரி நிறம் மாறுதுன்னா, நாலுக்கும் டிஎம்எக்ஸ் (மேடை லைட்டுக்குக் கட்டளை அனுப்புற முறை) முகவரி ஒண்ணாவே இருக்கு. புதுசா வர்ற லைட்டெல்லாம் பெரும்பாலும் 001-ல தான் இருக்கும். பின்பக்க மெனுவுல 7 சேனல் மோடு வெச்சு, ஒரு லைட்டுக்கு ஏழு சேனல் (கட்டளை எண்) போறதால வரிசையா 1, 8, 15, 22ன்னு கொடுங்க. லேப்டாப்ல இருக்கிற கியூஎல்சி பிளஸ் மென்பொருள்லயும் அதே மோடு, அதே முகவரிகளைப் பதியணும். ஒரு லைனுக்கு 512 சேனல் இருக்கு, உங்க தமிழ் நாடகக் குழுவுக்கு அது தாராளம்.

மென்பொருள் இலவசம்தானே, அந்தக் காசை டிஎம்எக்ஸ் கேபிளுக்கு வையுங்க. மைக் கேபிள் கொஞ்ச தூரத்துக்கு ஓடும், ஆனா மேடையில அதை நம்ப வேண்டாம். கேபிள் லைட்டுக்கு லைட் சங்கிலியா போகணும். ஒய் கேபிள் போட்டுப் பிரிக்கவே பிரிக்காதீங்க.

கடைசி லைட் மினுக்குதுன்னு எழுதியிருந்தீங்க. பெங்களூர்ல தானே இருக்கீங்க, லைன் முடிவுல சிக்னல் திரும்பி அடிக்கறதைத் தடுக்க, எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில 120 ஓம் ரெசிஸ்டரும் ஒரு எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் முனையில இருக்கிற மாதிரி) ஆண் பிளக்கும் வாங்குங்க. 2, 3 பின்களுக்கு நடுவே ரெசிஸ்டரைப் பற்றவெச்சு, கடைசி லைட்டோட அவுட்ல செருகுங்க. அதுக்கப்புறமும் மினுக்கினா, லேப்டாப்பை லைட்டோட இணைக்கிறது எந்த யுஎஸ்பி டாங்கிள்னு சொல்லுங்க, பார்க்கலாம்.