டோடோ குஞ்சுக்கு யார் பாலூட்டுவது?

வணக்கம் சார்,

அழிந்துபோன, பறக்காத மொரீஷியஸ் பறவையான டோடோவை வைத்து ஓர் அறிவியல் புனைகதை எழுதியிருக்கிறேன். கதை 2040இல் நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் டோடோ தலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, நிக்கோபார் புறா இட்ட முட்டைக்குள் செலுத்துகிறார்கள். ஒரு மாதத்தில் குஞ்சு பொரிந்து, எழுந்து நின்று தானியம் பொறுக்குகிறது. வளர்ந்து தொப்பையும் தள்ளாட்டமுமாக ஆனதும் அதை மொரீஷியஸ் காட்டில் விடுகிறார்கள். அழியும் நிலையில் இருந்த தம்பலகோக் மரங்கள் மறுபடி முளைக்கின்றன. படித்த நண்பர், “ஆய்வகப் பகுதி நம்பும்படி இல்லை” என்கிறார். எங்கே என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கதை எங்கே இடறுகிறது? டோடோவை வைத்து ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள்?

ம.

அன்புள்ள ம.,

டிஎன்ஏ எடுக்கும் இடத்தில் பெரிய பிழையில்லை. 2002இல் மரபியலாளர் பெத் ஷபிரோவின் குழு ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியிலிருந்து கிடைத்த துண்டுகளை வைத்துத்தான், இன்று உயிரோடிருப்பவற்றில் டோடோவுக்கு நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று காட்டியது. முழு மரபணுத்தொகுதி வந்தது கோபன்ஹேகனில் உள்ள மாதிரியிலிருந்து, 2022இல் அறிவித்தார்கள். ஊர்ப்பெயரை மாற்றிவிடுங்கள், போதும்.

இடறுவது முட்டையில். நகலாக்கப்பட்ட டாலி ஆட்டுக்குச் செய்ததைப் பறவைக்குச் செய்ய முடியாது. பாலூட்டியின் கருமுட்டை தூசியளவு; நுண்ணோக்கியில் பார்த்து உட்கருவை உறிஞ்சிவிட்டு வேறொன்றை வைக்கலாம். பறவையில் கருமுட்டை என்பதே அந்த முழு மஞ்சள்கரு. அதன் மேல் ஒட்டியிருக்கும் வெளிறிய சிறு வட்டுக்குள் எங்கோ உட்கரு இருக்கிறது. கோழியை எடுத்துக்கொண்டால், கருமுட்டை விடுபட்ட கால் மணி நேரத்துக்குள் கருவுற்றாக வேண்டும். பிறகு வெள்ளைக்கருவும் ஓடும் சேர ஒரு நாள் ஆகும். முட்டை வெளியே வரும்போது கருவில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். ஆகவே “இட்ட முட்டைக்குள் டிஎன்ஏ செலுத்தினார்கள்” என்ற வரி நிற்காது. உங்கள் நண்பருக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

நடைமுறையில் இருக்கும் வழி வேறு. பின்னாளில் விந்தாகவும் கருமுட்டையாகவும் மாறப்போகும் முதல்நிலை இனச்செல்கள், கோழிக் கருவில் இரண்டரை நாள் வாக்கில் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, இழை போன்ற கண்ணாடிக் குழாயால் ஓரிரு மைக்ரோலிட்டர் இரத்தம் எடுத்து, அந்தச் செல்களைப் பிரித்து வளர்த்து, மரபணுவைத் திருத்துகிறார்கள். பிறகு சொந்த இனச்செல் உருவாகாதபடி மாற்றிய இன்னொரு கோழிக் கருவின் இரத்தத்தில் அவற்றைச் செலுத்தி, சன்னலை மூடி, மீதி நாட்கள் அடைகாப்பில் வைக்கிறார்கள். செல்கள் தாமாகவே இனச்சுரப்பிக்குப் போய்ச் சேரும். அந்தக் கோழியும் சேவலும் வளர ஐந்தாறு மாதம். அவை இணைந்து இடும் முட்டையில்தான் திருத்திய உயிர் இருக்கும். உங்கள் கதையின் ஒரு மாதம் இங்கேயே போய்விட்டது.

கோழிச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது 2006 முதலே கைவந்த வேலை. ஆனால் அவற்றை வாழவைக்கும் ஊட்டக் கலவையில் புறாச் செல்கள் நிலைப்பதில்லை. 2023 ஜனவரியில் டோடோவை மீட்கும் திட்டத்தை அறிவித்த அமெரிக்கக் கொலோசல் நிறுவனம், மாடப்புறாச் செல்களுக்கான கலவை கிடைத்துவிட்டதாக 2025இல்தான் சொன்னது. இன்னொன்று: இப்படி வரும் பறவை, டோடோவைப் போல் திருத்தப்பட்ட நிக்கோபார் புறா. கதையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டும்.

இனி அளவு. நிக்கோபார் புறா அரைக் கிலோ. டோடோவின் எடைக்கு இன்றைய மதிப்பீடுகள் பெரும்பாலும் 10 கிலோவுக்கும் 18 கிலோவுக்கும் இடையில். முட்டையின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இடுகிற தாயின் உடல்தான். உள்ளே இருக்கும் மரபணு அதை முதல் தலைமுறையிலேயே பெரிதாக்காது. கொலோசல் திட்டத்தில் அந்தச் செல்களைச் சுமக்கப்போவது கோழிதான்; ஆகவே கோழி முட்டையில் வரும் முதல் டோடோ, இனத்துக்குரிய அளவைவிடச் சிறுத்துத்தான் பிறக்கும்.

அதற்கும் மேலான சிக்கல், புறாக் குஞ்சு கோழிக் குஞ்சு இல்லை என்பது. கண் திறக்காமல், நிற்க முடியாமல், நாலு மஞ்சள் மயிரோடு பிறக்கும். முதல் சில நாட்களுக்குத் தாயும் தந்தையும் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் தயிர்க்கட்டி போன்ற புறாப்பாலைத்தான் ஊட்டும். அதில் புரதமும் கொழுப்பும்தான், மாவுச்சத்து ஏறத்தாழ இல்லை. கோழிக்கு இந்தப் பாலும் கிடையாது, குஞ்சின் வாயில் ஊட்டும் பழக்கமும் கிடையாது. ஆகவே உங்கள் டோடோ தானியம் பொறுக்காது. மனிதக் கைதான் ஊட்ட வேண்டும். புறாக் குஞ்சு வாயைப் பிளந்து காத்திருக்காது, அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து உறிஞ்சும். எனவே ஊசிக்குழாயின் முனையை வெட்டி, மேலே ஓட்டை போட்ட மெல்லிய ரப்பரை மாட்டி, குஞ்சின் அலகை அதற்குள் விட வேண்டும். கூழ் 39–40 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஆறியிருந்தால் தீனிப்பையில் தேங்கிப் புளிக்கும். 43ஐத் தாண்டினால் பையின் சுவர் வெந்துவிடும், சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்க் குஞ்சு அங்கேயே செத்துவிடும். வழுக்கும் தரையில் விட்டால் கால்கள் இரு பக்கமும் விரிந்து, பிறகு நிற்கவே நிற்காது. ஐம்பது கோடி செலவழித்த பறவை வெந்நீர்ப் பதம் தப்பியதால் சாகிறது என்று எழுதுங்கள், உங்கள் ஆய்வக அத்தியாயத்துக்கு உயிர் வந்துவிடும்.

வளர்ப்புத் தாய் வேண்டுமென்றால், மொரீஷியஸின் இளஞ்சிவப்புப் புறாவைக் காப்பாற்றியபோது அதன் முட்டைகளைப் பார்பரிப் புறாக்களின் அடியில் வைத்தார்கள். டோடோவுக்கு அந்த அளவில் செவிலி இல்லை. இருப்பதில் பெரியது நியூ கினியின் கொண்டைப் புறா, இரண்டு கிலோ சொச்சம். டோடோவுக்கும் தூரத்து உறவுதான். முதல் வாரத்துக்குத் தாங்கலாம்.

தொப்பையும் தள்ளாட்டமும் ரூலண்ட் சாவரி போன்ற ஐரோப்பிய ஓவியர்கள் கொடுத்தவை. அளவுக்கு மீறித் தீனி போட்ட கூண்டுப் பறவைகளோ, மோசமாகப் பாடம் செய்த தோல்களோ அவர்களுக்கு மாதிரியாக இருந்திருக்கலாம். ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோவைப் பாருங்கள். எலும்பு ஆய்வாளர்கள் சொல்லும் உடல்வாகுக்கு அதுவே நெருக்கம். 2017இல் வந்த எலும்புத் திசு ஆய்வு இன்னொரு வசதியும் தருகிறது: ஆகஸ்ட் வாக்கில் முட்டையிடும் பருவம், குஞ்சு, அங்கே ஆண்டு இறுதியில் தொடங்கும் கோடையின் புயல்களுக்கு முன் மளமளவென்று வளர்ந்துவிடும், புயல்காலம் கழிந்து இறகு உதிர்க்கும். நேரில் பார்த்த மாலுமிகள் ஒருவர் சாம்பல், ஒருவர் கறுப்பு என்று முரண்பட்டது இதனாலாக இருக்கலாம். உங்கள் கதையின் நாட்காட்டியை இதன்படி மாற்றுங்கள்.

தம்பலகோக்கை வெட்டிவிடுங்கள். டோடோவின் அரைவைப்பையில் அரைபட்டால்தான் அந்த விதை முளைக்கும் என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் எழுதினார். வான்கோழிகளுக்கு விழுங்கக் கொடுத்த 17 விதைகளில் மூன்று முளைத்தன. ஆனால் பறவை இல்லாமலும் அவை முளைக்கின்றன. டோடோ போன பிறகு வளர்ந்த மரங்களும் உண்டு.

காட்டில் விடுவதும் வேண்டாம். தரையில் ஒற்றை முட்டையிட்ட பறவையை முடித்ததில் மனிதப் பசியைவிட எலி, பன்றி, குரங்குகளின் பங்கு அதிகம். எலியும் குரங்கும் இன்றும் அங்கே இருக்கின்றன. மொரீஷியஸ் கரையை ஒட்டி இருக்கும், எலி ஒழிக்கப்பட்ட, 25 ஹெக்டேர் அளவுள்ள இலோசிக்ரெட் தீவில் விடுங்கள்.

முன்னோடிகள்: 1865இல் லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ வந்த பிறகுதான் டோடோ எல்லோருக்கும் தெரிந்த பெயரானது. ஹோவர்ட் வால்ட்ராப் 1980இல் எழுதிய ‘தி அக்லி சிக்கன்ஸ்’, டோடோ அமெரிக்கத் தெற்கில் கோழிபோல வளர்க்கப்பட்டிருந்தால் என்று கேட்கிறது. நெபுலா விருது பெற்ற கதை. ஜாஸ்பர் ஃபோர்டின் தேர்ஸ்டே நெக்ஸ்ட் நாவல்களில் வீட்டிலேயே டோடோவை நகலெடுக்கும் பெட்டி விற்கிறது. கதாநாயகியின் டோடோ பழைய பதிப்பு என்பதால் அதற்கு இறக்கையே இல்லை. எச்.ஜி. வெல்ஸ் 1894இல் ஒரு கதையில், அழிந்துபோன மடகாஸ்கர் யானைப்பறவையின் முட்டையைப் பொரிய வைத்தார், ஆய்வகம் எதுவும் இல்லாமல். டோடோக் குஞ்சை வளர்க்கும் சிரமத்தை இவர்களில் யாரும் மையமாக்கவில்லை. அந்த இடம் உங்களுக்குக் காலியாக இருக்கிறது.

இன்னொரு கதையும் கிடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு டோடோ லண்டனில் உயிரோடு காட்டப்பட்ட பறவை என்றே நெடுநாள் நம்பினார்கள். 2018இல் ஊடுகதிர்ப் படம் எடுத்த வார்விக் பல்கலைக்கழகக் குழு, அதன் பின்மண்டையில் ஈயக் குண்டுகளைக் கண்டது. யார் சுட்டார்கள், எங்கே சுட்டார்கள் என்பதற்கு இன்னும் விடையில்லை. மறுபிறப்புக் கதை சரிவரவில்லை என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.