விஞ்ஞானக் கேள்வி–பதில்: எத்தனை இலக்கம் எழுதலாம்?

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவையாயினும், அளவீட்டின் இலக்கங்களைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: செய்முறை வகுப்பில் ஓர் அலுமினியக் குற்றியை வேணியர் இடுக்கியால் அளந்தோம். நீளம் 4.82, அகலம் 2.15, உயரம் 1.27 சென்ரிமீற்றர். தராசில் திணிவு 35.46 கிராம். கணிகருவி அடர்த்தியை 2.694322092 என்று தந்தது. அப்படியே எழுதினேன், ஆசிரியர் 2.69 வரை விட்டுவிட்டு மிகுதியை வெட்டிவிட்டார். சரியாகக் கணித்த இலக்கங்களை ஏன் விட வேண்டும்?
— உயர்தர மாணவி, ஆரையம்பதி

பதில்: உங்கள் கணிப்பில் பிழை இல்லை. ஆனால் அந்த இலக்கங்களுக்கு உங்கள் அளவீட்டில் ஆதாரம் இல்லை. நீங்கள் பயன்படுத்திய இடுக்கியால் 0.01 சென்ரிமீற்றருக்குக் கீழே எதையும் பிரித்தறிய முடியாது. ஆகவே உயரம் 1.27 என்று எழுதும்போது, அது 1.26 இற்கும் 1.28 இற்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதையே நீங்கள் சொல்கிறீர்கள். உயரத்தை 1.26 என்று வைத்துக் கணித்துப் பாருங்கள், அடர்த்தி 2.716 என்று வரும், 1.28 என்று வைத்தால் 2.673 என்று வரும். நீளத்திலும் அகலத்திலும் உள்ள ஐயத்தைச் சேர்க்காமலே மூன்றாவது இலக்கம் இப்படித் தளம்புகிறது என்றால், அதற்குப் பின்னால் நிற்கும் 4322092 என்ற வரிசை அந்தக் குற்றியைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது தெளிவாகும். கருவியின் திரையில் இடம் இருந்தமையால் அவை வந்தன.

நிச்சயமாகத் தெரிந்த இலக்கங்களையும், அவற்றை அடுத்து நிற்கும் ஐயத்துக்குரிய ஓர் இலக்கத்தையும் சேர்த்தே பொருளுடைய இலக்கங்கள் என்கிறோம். பெருக்கலிலும் வகுத்தலிலும், எந்த அளவீட்டில் இவை மிகக் குறைவோ, விடையையும் அத்தனை இலக்கங்களுக்கு மட்டந்தட்டுவது வழக்கம். உங்கள் நீள அகல உயரங்களுக்கு மூன்று இலக்கங்களே உள்ளமையால், நான்கு இலக்கத்தில் நிறுத்த தராசு இங்கே உதவிக்கு வராது. விலை கூடிய தராசொன்றை வாங்கி 35.4627 கிராம் என்று நிறுத்தாலும் விடை 2.69 இலேயே நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். தூய அலுமினியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.70 கிராம். உங்கள் 2.69 அதனோடு நன்றாகவே பொருந்துகிறது. பத்து இலக்கங்களையும் வைத்துக்கொண்டால், இல்லாத வேறுபாடு ஒன்றுக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரும்.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்காகச் சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவான 770,000 ஏக்கரடியைக் (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கரடி) கனமீற்றருக்கு மாற்றினோம். 949,781,017 என்று வந்தது. இதைப் பதாகையில் எழுதலாமா? முடிவில் வரும் பூச்சியங்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?
— ஆசிரியர், இறக்காமம்

பதில்: எழுத வேண்டாம், 95 கோடி கனமீற்றர் என்று எழுதுங்கள். ஓர் ஏக்கரடி 1233.48 கனமீற்றர் என்ற மாற்றுக் காரணியில் குறை இல்லை. ஆனால் 770,000 என்ற எண்ணில் உறுதியாகப் பொருளுடையவை என்று கொள்ளத்தக்கவை முதல் இரண்டு இலக்கங்களே. அலகை மாற்றுவதால் மட்டும் அறிவு கூடிவிடாது. நிரம்பி நிற்கும் அந்த நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு நாள் வெயிலில் ஆவியாகிப் போகும் நீரே இலட்சக்கணக்கான கனமீற்றராயிருக்க, கடைசியில் நிற்கும் 17 கனமீற்றரை யார் அளந்தார்கள் என்று உங்கள் மாணவரொருவரே கேட்கக்கூடும்.

பூச்சியங்களைப் பொறுத்தவரை, எண்ணுக்கு முன்னால் நிற்பவை இடத்தைக் காட்ட மட்டுமே உதவுகின்றன, 0.00450 என்பதில் 4, 5, கடைசி 0 ஆகிய மூன்றுமே பொருளுடையவை. இடையில் வருபவை எப்போதும் பொருளுடையவை. தசமப் புள்ளிக்குப் பின்னால், எண்ணின் இறுதியில் வருபவையும் அவ்வாறே, ஏனெனில் அளந்தவர் வேண்டுமென்றே எழுதியிராவிட்டால் அவை அங்கே இரா. சிக்கல் தருபவை 770,000 போன்ற முழுவெண்களின் இறுதிப் பூச்சியங்கள்தாம். அவை அளந்து பெறப்பட்டவையா, இடத்தை நிரப்ப வைத்தவையா என்று எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எழுதினால் இந்த ஐயம் எழாது: 7.7 × 10⁵ என்றால் இரண்டு இலக்கம், 7.70 × 10⁵ என்றால் மூன்று. இதனோடு ஒரு பழைய கதையும் உண்டு. 1856 இல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் கணிப்பு 29,000 என்றே வந்ததாகவும், அப்படி அறிவித்தால் குத்துமதிப்பு என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்று அஞ்சி 2 அடியைக் கூட்டினார்கள் எனவும் சொல்லப்படுவதுண்டு. கதை எவ்வாறாயினும், அந்த அச்சம் நியாயமானதே.

கேள்வி: வாவி நீரிலுள்ள உப்பின் அளவை அறிய, குழாயியால் 10.00 மில்லிலீற்றர் எடுத்து ஆவியாக்கினோம். வெற்றுக் கிண்ணம் 62.418 கிராம்; உப்புடன் 62.731 கிராம். இரண்டும் ஐந்து இலக்கங்கள் கொண்டவை. விடையை மட்டும் மூன்று இலக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். இரண்டு இலக்கங்கள் எங்கே போயின?
— பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

பதில்: அந்த ஐந்து இலக்கங்களுள் முதல் இரண்டும், அதாவது 62 என்பது, கிண்ணத்துக்கு உரியன, கழித்தபோது அவை கிண்ணத்தோடு போய்விட்டன. கூட்டலிலும் கழித்தலிலும் பொருளுடைய இலக்கங்களை எண்ணுவதில்லை. தசம தானங்களையே பார்க்க வேண்டும். எந்த எண்ணில் தசம தானம் குறைவோ, விடையும் அதனோடு நிற்கும். இங்கே இரண்டும் மூன்றாம் தசம தானம் வரை அளக்கப்பட்டமையால் உப்பு 0.313 கிராம், லீற்றருக்கு 31.3 கிராம். இதையே இரண்டு தசம தானத் தராசில் நிறுத்திருந்தால் 0.31 என்றும், ஒரு தசம தானத் தராசில் 0.3 என்றும் கிடைத்திருக்கும். கடைசியாகச் சொன்ன விடையை வைத்துக்கொண்டு முகத்துவாரத்தை அண்டிய நீரையும் வாவியின் உட்பகுதி நீரையும் ஒப்பிடுவது பெரிதாகப் பயன்படாது.

ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணொன்றைப் பெறும் எந்தச் சோதனையிலும் இந்த இழப்பு உண்டு. அதைக் கணக்கில் சரிப்படுத்த முடியாது, சோதனையில் சரிப்படுத்தலாம். 10 மில்லிலீற்றருக்குப் பதிலாக 100.0 மில்லிலீற்றர் நீரை ஆவியாக்குங்கள். உப்பு மூன்று கிராமுக்கு மேல் வரும், அதே தராசு நான்கு இலக்கங்களைத் தரும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. வாவி உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மாரி காலத்து மட்டக்களப்புக் காற்றில் கிண்ணத்தைத் திறந்து வைத்துவிட்டு நிறுத்தால், கடைசி இலக்கம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். அப்போது உங்கள் இலக்கங்களைத் தீர்மானிப்பது தராசு அன்று, ஈரம்.

சிறு வேறுபாடுகளை மதிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரேலி பிரபுவின் நைதரசனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரே கண்ணாடிக் கோளத்தை ஒரே நிபந்தனைகளில் நைதரசனால் நிரப்பி நிறுத்தார். காற்றிலிருந்து பெற்ற நைதரசன் ஏறக்குறைய 2.310 கிராம் இருந்தது. இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்றது 2.299 கிராம். இரண்டையும் இரண்டு இலக்கங்களுக்கு மட்டந்தட்டினால் 2.3 தான்; வேறுபாடே இல்லை. ஆனால் மீண்டும் மீண்டும் நிறுத்தபோது அவருடைய அளவீடுகள் ஓர் ஆயிரத்தில் இரண்டுக்கு மேல் விலகவில்லை. அதனால் நூற்றுக்கு அரை அளவான அந்த வேறுபாட்டை அவரால் பிழை என்று ஒதுக்க முடியவில்லை. அதைத் தொடர்ந்து சென்றதன் பயனாக, 1894 இல் அவரும் வில்லியம் ரம்சேயும் காற்றில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஆகன் வாயுவை அறிவித்தார்கள். 1904 இல் ரேலிக்குப் பௌதிகவியலிலும் ரம்சேக்கு இரசாயனவியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மட்டந்தட்டும் விதி இலக்கங்களைக் குறைப்பதற்கான விதி என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கருவி உண்மையாகத் தந்த இலக்கத்தை விட்டுவிடுவதும், தராததைச் சேர்ப்பதும் ஒரே அளவு குற்றமாகும்.

இந்த இடத்திலேயே, சம்மாந்துறை வாசகர் ஒருவர் கேட்ட துணைக்கேள்விக்கும் விடை சொல்லிவிடலாம்: இடைப்படிகளில் மட்டந்தட்டலாகாது. 2.346 ஐ முதலில் 2.35 ஆக்கி, பின்னர் 2.4 ஆக்கினால் பிழை. நேரே இரண்டு இலக்கத்துக்கு மட்டந்தட்டினால் 2.3 தான் வரும். ஓரிரு இலக்கங்களை மேலதிகமாக வைத்துக்கொண்டு இறுதியில் ஒருமுறை மட்டும் மட்டந்தட்டுங்கள். சரியாக 5 இல் முடிந்தால் பாடசாலையில் மேலே கூட்டுவார்கள். பல ஆய்வுகூடங்களில் அருகிலுள்ள இரட்டை இலக்கத்துக்குக் கொண்டுசெல்வார்கள். பரீட்சைக்கு உங்கள் ஆசிரியர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: எங்கள் கடை இலத்திரனியல் தராசு ஒரு காப்பை 16.003 கிராம் என்கிறது. பக்கத்துக் கடைத் தராசு அதையே 15.998 என்கிறது. எது பொய்?
— நகைத் தொழிலாளர், காத்தான்குடி

பதில்: இரண்டுமே பொய் சொல்லாமல் இருக்கலாம். மூன்றாம் தசம தானத்தைக் காட்டுவது வேறு, அதற்குப் பொறுப்பேற்பது வேறு. தராசு மட்டமாக வைக்கப்படாமை, மின்விசிறிக் காற்று, நெடுநாள் அளவுதிருத்தம் செய்யாமை ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று இந்த 5 மில்லிகிராம் வேறுபாட்டுக்குப் போதும். சான்றளிக்கப்பட்ட நியமப் படியொன்றை இரண்டு தராசிலும் வைத்துப் பாருங்கள். அதுவரை இரண்டும் ஒத்துப்போகும் அளவில், 16.00 கிராம் என்று எழுதுவது நேர்மையானது. அதைப் பவுணாக்க 8 ஆல் வகுக்கும்போது, அந்த 8 அளந்து பெற்ற எண் அன்று, வணிக வழக்கில் தீர்மானித்துக்கொண்ட எண். ஆகவே அது விடையின் இலக்கங்களைக் குறைக்காது, 2.000 பவுண் என்று எழுதலாம். ஆங்கிலேயரின் பழைய பவுண் நாணயம் 7.988 கிராம் என்பது வேறு விடயம்.

கேள்வி: ஒளியின் வேகத்தை 299,792,458 என்று ஒன்பது இலக்கத்தில் தருகிறார்கள். ஈர்ப்பு மாறிலியை மட்டும் 6.67 என்று நிறுத்திவிடுகிறார்கள். ஏன்?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலாவது இப்போது அளக்கப்படும் எண் அன்று. 1983 இல், ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 299,792,458 இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே மீற்றர் என்று வரையறுத்துவிட்டார்கள். ஆகவே அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒரு மூல் பதார்த்தத்திலுள்ள துணிக்கைகளின் எண்ணிக்கையைத் தரும் அவகாதரோ மாறிலியும் 2019 மே 20 முதல் அவ்வாறே 6.02214076 × 10²³ என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. ஈர்ப்பு மாறிலியை இன்றும் அளந்துதான் அறிய வேண்டும். ஆய்வுகூடத்தில் வைக்கக்கூடிய திணிவுகளுக்கிடையிலான ஈர்ப்பு மிகவும் வலிமை குன்றியது; சுற்றியுள்ள சுவர், மனிதர், மண் ஆகியவற்றின் ஈர்ப்பைத் தடுத்து மறைக்கவும் வழியில்லை. 1798 இல் கவன்டிஷ் முறுக்குத் தராசால் செய்ததற்குப் பின்னர் இத்தனை முன்னேறியும், வெவ்வேறு ஆய்வுகூடங்களின் முடிவுகள் நான்காம் இலக்கத்தையொட்டி இன்னும் முரண்படுகின்றன. பரிந்துரைக்கப்படும் பெறுமானம் 6.67430 × 10⁻¹¹. அதன் கடைசி இரண்டு இலக்கங்களில் 15 அளவு ஐயம் உண்டு. உங்கள் பயிற்சிக் கணக்கில் திணிவும் தூரமும் மூன்று இலக்கங்களில் தரப்பட்டிருந்தால் 6.67 போதுமானது.