டிஎக்ஸ்7-இல் செய்த டோன்களை மோட்எக்ஸுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் படுகர் பாட்டுக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். யமஹா டிஎக்ஸ்7-இல் புல்லாங்குழல், மணி, ஆர்மோனியம் என்று 32 டோன்களை (ஒலி அமைப்புகளை) நானே அமைத்து வைத்திருக்கிறேன். இப்போது யமஹாவின் புதிய கீபோர்டான மோட்எக்ஸ் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் மிடி (இசைக்கருவிகள் தரவு பரிமாறும் முறை) கேபிளால் இணைத்துப் பார்த்தும் ஒரு டோன்கூடப் போகவில்லை. பழைய கீபோர்டின் பேட்டரியும் தீரப்போகிறது என்கிறார்கள். அதை மாற்றிவிட்டுத் தொடங்கலாமா? ஹெத்தையம்மன் பண்டிகைக்குள் முடிக்க வேண்டும்.

பதில்: பேட்டரியில் இப்போது கை வைக்காதீர்கள். டோன்கள் அத்தனையும் அந்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. போர்டில் சால்டர் செய்யப்பட்ட பேட்டரி அது. கழற்றினால் 32 டோன்களும் போய்விடும். முதலில் டோன்களைக் கணினியில் ஒரு கோப்பாக எடுத்துவிடுங்கள். பேட்டரி, மோட்எக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

பேட்டரியின் நிலையை அறிய ஃபங்ஷன் பட்டனை அழுத்தி 14-ஐ அழுத்துங்கள். திரையில் வோல்ட் அளவு தெரியும். 3-ஐ ஒட்டி இருந்தால் அவசரமில்லை. நன்றாக இறங்கியிருந்தால், இப்போது ஆன் ஆகி நல்லபடியாக ஒலிக்கும் கீபோர்டை வேலை முடியும்வரை ஆஃப் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போவது சொல்லிக்கொண்டு வருவதில்லை, ஆகவே யூபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த கீபோர்டாக இருந்தால் அது 100 வோல்ட் மாடல். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படவே தேவையிருக்காது.

குளிர்ந்த அறையில் கிடந்த கீபோர்டை அடுப்பனல் உள்ள வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் பூத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். மூடுபனி ஊரில் மிடி சாக்கெட்டின் கால்களில் களிம்பு ஏறியிருப்பதும் சகஜம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை நாலைந்து முறை செருகி எடுத்தால் போதும்.

இனி கோப்பு எடுக்கும் வேலை. கீபோர்டின் மிடியைக் கணினியோடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும். இங்கே காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான கேபிள்கள் நோட்டுகளை ஒழுங்காகக் கடத்தும், ஆனால் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் எனும் நீண்ட தரவு வந்தால் நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும். டிஎக்ஸ்7-இன் மிடி அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் இன்னுக்கு இணையுங்கள். சில கேபிள்களில் 'இன்' என்று எழுதியிருப்பதற்கு 'கீபோர்டின் இன்னில் செருகு' என்று பொருள். ஒன்றும் வரவில்லையென்றால் மாற்றிச் செருகிப் பாருங்கள், எதுவும் எரிந்துவிடாது.

கணினியில் தரவைப் பதிவு செய்யும் மென்பொருள் வேண்டும்: விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ், மேக் என்றால் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன். டிஎக்ஸ்7-இல் ஃபங்ஷனுக்குப் போய் 8-ஐ அழுத்தினால் முதலில் மிடி சேனல் காட்டும். மறுபடி அழுத்தினால் 'சிஸ் இன்ஃபோ அன்அவைல்' என்று வரும். 'யெஸ்' அழுத்தி அதை 'அவைல்' ஆக்குங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இது மூடியிருக்கும், பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு முறை 8, 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கேட்கும். கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டு, அதன் பிறகு 'யெஸ்'. மிடியின் வேகம் நொடிக்கு 3125 பைட் என்பதால் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும்.

கோப்பின் அளவு மிகச்சரியாக 4104 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் இன்டர்ஃபேஸ் விழுங்கியிருக்கிறது என்று பொருள், திரும்ப எடுங்கள். 163 பைட் கோப்பு வந்தால் அது ஒற்றை டோன்: சிஸ் இன்ஃபோ திறந்திருக்கும்போது டோன் பட்டன் எதை அழுத்தினாலும் டிஎக்ஸ்7 அதை மட்டும் அனுப்பிவிடும். கார்ட்ரிட்ஜிலும் (வெளியே செருகும் மெமரி) டோன்கள் இருந்தால், அவற்றை உள் மெமரிக்கு லோடு செய்தால்தான் அனுப்ப முடியும். அப்படிச் செய்யும்போது உள்ளே இருக்கும் 32-உம் அழிந்துவிடும். ஆகவே உள் மெமரிதான் முதலில்.

எடுத்த கோப்பை டெக்ஸ்ட் (Dexed) எனும் இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 32 பெயர்களும் தெரிய வேண்டும், வாசித்தால் உங்கள் டோனாகவே ஒலிக்க வேண்டும். பெயர்களில் குப்பை எழுத்துகள் இருந்தால் கோளாறு டிஎக்ஸ்7-இன் மெமரியிலேயே இருக்கலாம். திரையில் அந்தப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சரியான கோப்பை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள்.

நேரடி இணைப்பில் ஏன் போகவில்லை? டிஎக்ஸ்7-க்கு 6 ஆப்பரேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் அலகு), 32 அல்காரிதம் (அந்த அலகுகளை இணைக்கும் விதம்). மோட்எக்ஸின் எஃப்எம்-எக்ஸ் பகுதிக்கு (எஃப்எம் என்பது ஒரு அலையால் இன்னொன்றை மாற்றி ஒலி உண்டாக்கும் முறை) 8 ஆப்பரேட்டர், 88 அல்காரிதம். தரவின் அமைப்பே வேறு, ஆகவே வந்ததை மோட்எக்ஸ் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நடுவில் மொழிபெயர்ப்பாளராக யமஹாவின் எஃப்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது. பிரவுசரில் இயங்கும் இலவசக் கருவி அது. கோப்பை அதில் போட்டு, அது தரும் புதுக் கோப்பை பென்டிரைவில் வைத்து, மோட்எக்ஸில் யுடிலிட்டி, கன்டென்ட்ஸ், லோடு என்று போனால் முடிந்தது. (டிஎக்ஸ்21, டிஎக்ஸ்27, டிஎக்ஸ்100 வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவை 4 ஆப்பரேட்டர் கீபோர்டுகள்.)

டோன்கள் வந்துவிடும், ஆனால் வாசித்ததும் ஏதோ மாறியதுபோல் தோன்றும். முதல் காரணம் விரலழுத்தம். டிஎக்ஸ்7-இன் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வெலாசிட்டி (அடியின் வேகத்தைக் காட்டும் எண்) 127-ஐத் தொடாது. நீங்கள் டோன் அமைத்தது அந்தக் குறைந்த எல்லைக்குள். மோட்எக்ஸ் 127 வரை போகும். எஃப்எம்மில் வெலாசிட்டி சத்தத்தை மட்டும் கூட்டுவதில்லை, மாடுலேட்டரின் (இன்னொரு அலையை மாற்றும் ஆப்பரேட்டர்) அளவையும் கூட்டும். அதனால் குழலை அழுத்தி வாசித்தால் பித்தளை வாடை அடிக்கும். கீபோர்டு வெலாசிட்டி கர்வை 'ஹார்டு' ஆக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு டோன்கள் மட்டும் அப்படி இருந்தால், அவற்றின் மாடுலேட்டர் ஆப்பரேட்டர்களில் வெலாசிட்டி உணர்திறனைக் குறையுங்கள்.

இரண்டாவது, பிட்ச் பெண்ட் (வீலால் ஸ்வரத்தை வளைப்பது). டிஎக்ஸ்7-இல் பெண்ட் எல்லை, போர்ட்டமென்டோ (ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்கிச் செல்வது), மாடுலேஷன் வீலின் அளவு ஆகியவை டோனுக்குள் சேமிக்கப்படுவதில்லை. எல்லா டோனுக்கும் பொதுவான ஃபங்ஷன் அமைப்புகள் அவை. ஆகவே கோப்பிலும் வராது. ஃபங்ஷனில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, மோட்எக்ஸில் டோனுக்கு டோன் கையால் போட வேண்டும். வீலைத் தள்ளி ஸ்வரத்தை இழுத்து வாசிப்பவருக்கு, 4 அரைச்சுரத்துக்குப் பழகிய கை 2 அரைச்சுரத்தில் நின்றால் பாட்டே அபஸ்வரமாகிவிடும். பண்டிகை மேடையில் ஏறும் முன் கவனிக்க வேண்டியது முக்கியமாக இதைத்தான்.

பழைய கீபோர்டில் எஃபெக்ட் எதுவும் கிடையாது, அதன் ஒலியில் லேசான கரகரப்பும் உண்டு. மோட்எக்ஸ் துல்லியமானது. ரிவெர்பை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடும். மிச்சமிருக்கும் கரகரப்பைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். கச்சேரி ஸ்பீக்கரில் அது யாருக்கும் கேட்காது.

இப்போது பேட்டரியை மாற்றலாம். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து, போர்டில் ஹோல்டர் வைத்து சிஆர்2032 போடச் சொன்னால் அடுத்த முறை சால்டரிங் வேண்டாம். திரும்பி வந்ததும் மெமரி புரொடெக்டை (மெமரியில் எழுதவிடாத பூட்டு) ஆஃப் செய்து, சிஸ் இன்ஃபோவை மறுபடி திறந்து, மிடி சேனலை 1-இல் வைத்து, இன்டர்ஃபேஸின் அவுட்டை டிஎக்ஸ்7-இன் இன்னில் செருகி அதே 4104 பைட் கோப்பை அனுப்புங்கள். சேனல் வேறாக இருந்தால் கோப்பை ஏற்காது, ஏன் என்றும் சொல்லாது.