கேளுங்கள், சொல்கிறோம்: சொன்னால் எரியும் விளக்கும் கடலோர வீடும்

துபாயில் இருக்கும் மகன், சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் அமேசான் கம்பெனியின் அலெக்ஸா ஸ்பீக்கரும் அதோடு இணைகிற நாலு ஸ்மார்ட் பல்பும் கொடுத்துவிட்டிருக்கிறான். மாமியாருக்கு மூட்டுவலி. தமிழ் தவிர வேறு பேச வராது. அவருக்கு இது பயன்படுமா?
வாசகி, கீழக்கரை

பயன்படும், கொஞ்சம் நாம் வழி பண்ணித் தர வேண்டும். அலெக்ஸா நம் நாட்டில் கட்டளை கேட்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். "விளக்கைப் போடு" என்றால் அதற்குப் புரியாது. ஆனால் லைட், ஃபேன், ஆன், ஆஃப் எல்லாம் உங்கள் மாமியார் வாயில் தினமும் புழங்குகிற சொற்கள்தானே? போனில் உள்ள அலெக்ஸா ஆப்பில் பல்புக்குக் கம்பெனி வைத்த நீளப் பெயரை மாற்றி "ஹால்", "கிச்சன்" என்று ஒரே சொல்லில் வையுங்கள், "அலெக்ஸா, ஹால் ஆன்" என்றாலே எரியும். அலெக்ஸா என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை என்றால் "எக்கோ" என்று மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

மாட்டுவதற்கு முன் பல்பின் அடியைப் பாருங்கள். அங்கிருந்து வருவது பெரும்பாலும் திருகி மாட்டுகிற பல்பு, நம் வீட்டு ஹோல்டரோ இரண்டு பின் உள்ள பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிற வகை, இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். வோல்டேஜ் பற்றிக் கவலை இல்லை, அங்கும் 230 வோல்ட்தான். ஆப்பில் சேர்க்கும்போது பல்பு பிடிபடாமல் முரண்டு பிடித்தால், போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும்.

அப்புறம் ஒன்று. சுபுஹு தொழுகைக்கு இருட்டோடு எழுந்து ஒளு எடுக்க, அதாவது கை கால் முகம் கழுவப் போகும் அந்த நாலைந்து அடிக்குக் குரல் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் சரியாகப் பேச வராது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஆள் அசைந்தால் தானே எரிகிற சென்சார் விளக்கு ஒன்று போதும்.

கரண்ட் போனாலோ நெட் போனாலோ என்ன ஆகும்? எங்கள் வீட்டில் நடுராத்திரி கரண்ட் வந்ததும் எல்லா பல்பும் தானாக எரிகிறது.
வாசகர், பாம்பன்

நீங்கள் கூப்பிடும் பெயரை மட்டும்தான் ஸ்பீக்கர் தனக்குள்ளேயே கண்டுபிடிக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது நெட் வழியாகக் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கே என்ன சொன்னீர்கள் என்று புரிந்துகொண்ட பிறகுதான் உங்கள் பல்புக்கு உத்தரவு திரும்பி வருகிறது, அதனால் நெட் இல்லை என்றால் பெரும்பாலும் குரலுக்கு வேலை இல்லை. மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது.

நடுராத்திரி எரிவது பழுது இல்லை. சுவர் சுவிட்சைத் தட்டியதும் எரிய வேண்டுமே என்று, கரண்ட் வந்தால் எரியும்படிதான் பல்பைச் செய்கிறார்கள். ஆப்பில் அந்த பல்பின் செட்டிங்கில், கரண்ட் திரும்பும்போது கடைசி நிலையிலேயே இருக்கும்படி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், பல பல்புகளில் முடியும்.

என்னைக் கேட்டால் ஸ்மார்ட் பல்பே வேண்டாம் என்பேன். பிள்ளைகள் சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அது எரியப் போவதில்லை. அதற்குப் பதிலாக சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வைக்கும், சாதா பல்பையே குரலுக்கு எரிய வைக்கிற சின்ன ஸ்மார்ட் மாட்யூல் வாங்குங்கள். பழைய சுவிட்ச் அப்படியே வேலை செய்யும், குரலுக்கும் கேட்கும், நெட் போனாலும் வீடு இருட்டாகாது. பெரும்பாலான மாட்யூலுக்கு நியூட்ரல் ஒயர் தேவை, பழைய வீடுகளில் பல போர்டுகளில் அது இருக்காது, ஆகவே வாங்கும் முன்பே வயர்மேனை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

உப்புக்காற்றில் சாதா சுவிட்சே நிற்பதில்லை. ஸ்மார்ட் சுவிட்ச் தாங்குமா?
வாசகர், தங்கச்சிமடம்

சாமான் வாங்குவதற்கு முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது, யாரும் கேட்பதில்லை. மெயினை ஆஃப் பண்ணிவிட்டு உங்கள் வாசல் விளக்கு போர்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். செம்புக் கம்பி நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், ஸ்க்ரூ தலை துருவேறி டிரைவர் பிடிக்காமல் வழுக்கும். காற்றில் வருகிற உப்பு சும்மா படிந்து கிடப்பதில்லை. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பைத் தின்கிறது. களிம்பு ஏறிய இடத்தில் இணைப்பு தளர்ந்து சூடாகிறது, பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகுகிறது. அந்த போர்டுக்குள் புது மாட்யூலை வைத்தால் குற்றம் மாட்யூல் மேல் விழும்.

ஆக, முதல் செலவு வயரிங்குக்கு. களிம்பு ஏறிய நுனியை வெட்டிவிட்டு, ஒயர் நுனியில் மாட்டுகிற ஈயம் பூசிய செம்பு முனையை (லக்) அழுத்தி, இறுக்கி முறுக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அதைப் போடுங்கள். எர்த் குழாயையும் தோண்டிப் பாருங்கள், உப்பு மண்ணில் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சீக்கிரம் அரித்துப் போகும். அதற்குப் பிறகு மாட்யூலை உள்ளறையில், மூடிய பெட்டியில் வையுங்கள். வாடைக்காற்று நேராக அடிக்கிற வெளிச்சுவரில் எதையும் வைக்காதீர்கள். வெளி விளக்கின் மாட்யூலும் உள்ளே இருக்கட்டும், ஒயர் மட்டும் வெளியே போகட்டும்.

இவ்வளவும் செய்தால் உங்கள் வீட்டுக்கு இது நிஜமாகவே உபகாரம். கடலிலிருந்து ஈரக் கையோடு வருகிறவர் சுவிட்சைத் தொடாமலே விளக்கைப் போட முடிகிறதே.

1 ஹெச்பி மோட்டாரை 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டலாமா?
வாசகர், தேவிபட்டினம்

மாட்டாதீர்கள். ஓடும்போது அது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்புகிற நொடியில் அதைப்போல ஐந்து மடங்கு, ஏழு மடங்கு இழுக்கும். நாளடைவில் பிளக்குக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் நீங்கள் "ஆஃப்" என்று சொல்வீர்கள், ஆப்பும் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு வற்றிய பிறகும் ஓடினால் காயில் கருகிவிடும். ஸ்மார்ட் ரிலே, மோட்டார் கரண்டைத் தாங்குகிற பெரிய சுவிட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும், கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயும் இருக்கட்டும். மேல்தொட்டியில் மிதவை சுவிட்ச் போட்டால் தொட்டி நிரம்பியதும் தானே நின்றுவிடும், நீங்கள் காத்திருந்து சொல்ல வேண்டியதில்லை. தேய்ப்புப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ராடு இவற்றையும் குரலில் இணைக்காதீர்கள்.

வீட்டில் பேசுவதை எல்லாம் அது ஒட்டுக்கேட்கிறதாமே?
வாசகி, தொண்டி

பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு பேசுவதுதான் போகிறது. ஆனால் டிவியில் அதுமாதிரி ஒரு சத்தம் வந்தாலும் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்ளும். பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த வழக்கில் அமேசான் 2023-ல் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. படுக்கையறையில் வைக்காதீர்கள். மைக் பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அப்போது கேட்காது. பழைய பதிவுகளை ஆப்பில் அழியுங்கள். குரலால் பொருள் வாங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் வரவில்லை, பேச்சும் குழறுகிறது. அவருக்கு இதை வாங்கித் தரலாமா?
வாசகர், மண்டபம்

தாராளமாகத் தரலாம், குரலை மட்டும் நம்பாதீர்கள். குழறிய பேச்சை இது பல நேரம் தவறவிடும், திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் அவர் மனசு நொந்துவிடும். முதலில் உங்கள் ஸ்பீக்கரையோ தெரிந்தவர் வீட்டு ஸ்பீக்கரையோ அவர் பக்கத்தில் வைத்து, அவருக்கு எளிதாக வருகிற சொல் எது என்று பாருங்கள், அதையே ஃபேனுக்குப் பெயராக வையுங்கள். கூடவே பேட்டரியில் ஓடும் ஒயர் இல்லாத பட்டன் ஒன்று வாங்கி, ஒரு அழுத்துக்கு ஃபேன், இரண்டு அழுத்துக்கு லைட், நீண்ட அழுத்துக்கு உங்கள் அறை ஸ்பீக்கரில் அழைப்பு என்று அமைக்கலாம். வாங்கும்போது உங்கள் ஸ்பீக்கரோடு சேருமா என்று கேட்டு வாங்குங்கள். கட்டிலின் இடது பக்கச் சட்டத்தில், அவர் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஒட்டுங்கள். காசு வடிவ பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.